கச்சான் உடைக்கிற சத்தம்

நல்லரத்தினத்துக்குப் படிப்பு அவ்வளவாக இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது; அவரும் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் அவருடைய காது போல் ஒரு காது ஆரையம்பதியில் வேறு யாருக்கும் இல்லை. கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு, எதற்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர்தான். சண்டைக் காலத்தில் ஒரு ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் ஏற்றுவதற்கும் இராணுவ முகாம் வாசலில் போய் அனுமதிக்கு நிற்க வேண்டும். நின்று நின்றே பாதி வயது போனது. இருந்த சாமான்களைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனது. ஒரேயொரு குழாய் மட்டும் தாழம்பற்றைக்குள் வாய் நிறைய மண்ணோடு கிடந்தது. கழுவி எடுத்துக்கொண்டார்.

சண்டையும் முடிந்த பிறகு, நிவாரணத்துக்கு வந்த நிறுவனமொன்று ஊரைவிட்டுப் போகும்போது பழைய கொம்பியூட்டர்களைக் கழித்துவிட்டுப் போனது. அவற்றை எடுத்து மெயின் றோட்டில் இன்டர்நெட் கடை போட்டார். கழுவின குழாயைப் பெயர்ப்பலகைக்குப் பதிலாக வாசலில் தொங்கவிட்டார். உள்ளே, 'தின்பண்டம் கொண்டு வரக்கூடாது' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார்.

திருவிழாவில் அவர் மேடையைப் பார்ப்பதே இல்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பார். காது மட்டும் சனத்தில் இருக்கும். சனம் கச்சான் கடலையை உடைத்துத் தின்கிற சத்தம் ஓலைக்கூரையில் தூறல் விழுவது மாதிரிக் கேட்டுக்கொண்டே இருக்கும். நிகழ்ச்சி சரியில்லை என்றால் அது கூடும். நல்லது ஒன்று வந்தால் சட்டென்று நின்றுவிடும். கைதட்டலை அவர் நம்புவதில்லை. சொந்தக்காரப் பிள்ளை ஆடினால், கால் பின்னி விழுந்தாலும் தட்டுவார்கள். கச்சானை மட்டும் யாரும் முகத்தாட்சணியத்துக்காகக் கீழே வைப்பதில்லை. இது கச்சான்காரர் வினாயகமூர்த்திக்கும் தெரியும். நல்ல கூத்து நடக்கிற ஊர்ப்பக்கம் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவே மாட்டார்.

கடைக்கு வழக்கமாக வருகிறவர்களில் பக்கத்து ஊர்க் காத்தான்குடி றஸீனாவும் ஒருத்தி. புருஷன் முனாப் கட்டாரில் வேலை. "எங்கட ஊர்க் கடையில இருந்து கதைச்சா பக்கத்து மேசையில மாமிட தம்பி இரிப்பாரு" என்று சொல்லி இங்கே வருவாள். சுனாமிக்குப் பிறகு நடந்த வகுப்பில் இணையப் பக்கம் செய்யப் பழகினவள். மற்றவர்கள் கடைக்கும் கராஜுக்கும் பக்கம் செய்ய, இவள் ஒரு வாவியைச் செய்து வைத்திருந்தாள். இருட்டுத் தண்ணீர். உலகத்தில் எங்கேயிருந்தும் யாராவது தன் பெயரை எழுதித் தட்டினால், சின்ன விளக்கோடு ஒரு தோணி வந்து மிதக்கும். அணையாது. அவ்வளவுதான்.

டவுனில் நடக்கப்போகும் சித்திரக் கண்காட்சிக்கு அதைக் கொடுக்கப் போனவள், ஒருநாள் மத்தியானம் முகம் சிவக்கத் திரும்பி வந்தாள்.

"அவங்க கேக்காங்க அண்ணன், இதில அசல் எதுண்டு. இங்க திறந்தாலும் இதுதான், கட்டாரில திறந்தாலும் இதுதானாம். அப்ப இதுக்கென்ன பெறுமதியாம். பிரேம் போட்டுக் கொண்டு வரட்டாம்."

"போடுவமே. கண்ணாடிக்காரன் நம்மட ஆள்தான்."

"பிரேமுக்குள்ள தோணி எப்பிடி வரும்?"

"அதுவும் சரிதான்."

"நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. எதைக் காட்டினாலும் 'நல்லாரிக்கி புள்ள' எண்டுதான் சொல்ற. என்ட புள்ள மூக்குச் சளியோட நிண்ட போட்டோவுக்கும் அதைத்தான் சொன்னீங்க. இது ஒண்டுக்கும் ஏலாத சாமான் எண்டா இப்பவே அழிச்சிருவன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கை மவுசிலேயே இருந்தது.

நல்லரத்தினம் தலையைச் சொறிந்தார். அசல் நகல் கதை அவருக்குப் பிடிபடவில்லை. ஒரே முருகன் பாட்டைப் பத்துக் கோயிலில் ஒரே நேரத்தில் போடுகிறோம், எந்தக் கோயிலில் பாட்டுக் குறைந்துபோனது? எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கலாம்தான். ஆனால் அன்னதானத்துக்கும் கூட்டம் வரும். பாடுபட்டுச் செய்ததா என்று பார்த்தால், ஆயிரம் மின்குமிழ் கட்டின சப்பறத்தை விட்டுவிட்டுச் சனம் யானைக்குப் பின்னால் போனதையும் கண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்.

"இரி புள்ள, வாறன்" என்று வாசலுக்குப் போனார். வினாயகமூர்த்தியின் வண்டி அங்கேதான் நிற்கும். "மூர்த்தி, எல்லாருக்கும் ஒவ்வொரு கச்சான் சுருள் கட்டிக்கொண்டு உள்ளுக்கு வா."

"உள்ளுக்கா? நீதானே தின்னக்கூடாதெண்டு எழுதி ஒட்டின?"

"நான் ஒட்டினதுதானே. நீ வா."

வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்த பிரஷாந்தியும், சீட்டு விளையாடிக்கொண்டிருந்த திவாகரனும் சுருளை வாங்கி முழித்தார்கள். எல்லாரையும் றஸீனாவின் திரைக்கு முன்னால் கூப்பிட்டு இருத்திவிட்டு, நல்லரத்தினம் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார்.

டிக். டிக். டக்.

"என்ன, கறண்ட் போயிட்டா? ஒரே இருட்டாக் கிடக்கு" என்றான் திவாகரன். கச்சான் சத்தம் இன்னும் கூடியது. நல்லரத்தினத்துக்குத் திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. இந்தப் பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சொல்வது?

"ஆராச்சும் பேர எழுதுங்க" என்றாள் றஸீனா, குரல் இறங்கி.

வினாயகமூர்த்தி ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். "இம்புட்டு நீளப் பேர வெச்ச என்ட அப்பனச் சொல்லோணும்." ஒரு தோணி வந்ததாம். டிக், டக். நிற்கவில்லை.

"இந்தா, இன்னொண்டு வருது!" இது பிரஷாந்தி. "நாங்க ஒருத்தரும் தட்டல்லியே. ஆரது? மு... முனாப்."

"அவருக்கு டியூட்டி முடிஞ்சிரிக்கும்" என்றாள் றஸீனா. "ஒவ்வொரு நாளும் வந்து ஒண்டு விடுவாரு."

நல்லரத்தினம் காதைக் குடைந்தார். காது அடைத்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தார். இல்லை, றோட்டில் பஸ் போவது கேட்கிறது. கச்சான்தான் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தார். திவாகரனின் பல்லுக்கு நடுவில் ஒரு கச்சான் உடையாமல் நின்றது.

வினாயகமூர்த்தி மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, கடலோட போனவங்கட பேரும் போடலாமா?"

"போடுங்க அண்ணன்."

இந்தமுறை சின்னப் பெயர். வதனி. தோணி வந்து அவருடைய தோணிக்குப் பக்கத்தில் நின்றது. அவர் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொண்டாட்டி முந்தியும் இப்பிடித்தான், கூப்பிட்டாத்தான் வருவா" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு "தள்ளுங்க, என்ட முறை" என்று திவாகரனும் பிரஷாந்தியும் இடிபட்டார்கள்.

"அழிக்கவா, அண்ணன்?" என்றாள் றஸீனா.

"நல்லாரிக்கி, புள்ள."

"அதைத்தானே எப்பவும் சொல்ற!"

"இண்டைக்குத்தான் கேட்டுப்போட்டுச் சொல்றன். பிரேமும் வேணாம், ஒண்டும் வேணாம். கொம்பியூட்டரையே தூக்கிக்கொண்டு போவம்."

போனார்கள். கண்காட்சி மண்டபத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலை கிடைத்தது. பெறுமதி கேட்ட ஐயாவின் கையிலும் நல்லரத்தினம் ஒரு சுருளைத் திணித்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் சத்தம் இல்லை.

அந்தக் கிழமையே வினாயகமூர்த்தி கச்சான் வண்டியைக் கடை வாசலிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். "உன்ட கடைக்கு முன்னால இனி யாவாரம் சரிவராது. வாங்கின ஒருத்தனும் தின்றானில்ல" என்று ஏசிவிட்டுத்தான் போனார். ஆனால் பின்னேரமானால் வெறுங்கையோடு வருவார். "அவட தோணி கிடக்கா?" என்பார்.

"கிடக்கு, வந்து பார்."