ஐஸ் பெட்டிக்குக் காவல்

குப்புராஜைப் பற்றிச் சொல்வதென்றால் சாவு வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். முகத்தைச் சுளிக்காதீர்கள். அனகாபுத்தூரில் சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. என் வீட்டுக்காரர் அசரியா ஆரம்பித்தார். அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். பொம்பளைக்கு எதற்கு இந்தத் தொழில் என்று பேசியவர்கள்கூடத் தங்கள் வீட்டில் ஒன்று என்றால் "ஷீலாக்கா, சீக்கிரம் ஆளை அனுப்புங்க" என்று எனக்குத்தான் போன் போடுகிறார்கள்.

அப்படிப் போகிற ஆள் குப்புராஜ். கல்யாணத்துக்குச் சாமியானா கட்டினால் கட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். சாவுக்கு அது நடக்காது. ஐஸ் பெட்டியோடு ஒருவன் கூடவே இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட வேண்டும், யார் காலாவது தட்டி பிளக் கழன்றால் மாட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து முகம் பார்த்து, பிணத்தை எடுக்கிறவரைக்கும் அவன் காவல்.

எங்கள் பக்கம் சாவு வீட்டு வாசலில் ஆம்பளைகள் சீட்டு ஆடுவார்கள். பிணத்தைத் தனியாக விடக் கூடாதாம், கண் அசரக் கூடாதாம், அதற்காகவாம். நல்ல சாக்கு! குப்புராஜின் அப்பா ரங்கன் உட்காராத சாவு வீடு இந்த ஊரில் கிடையாது. செத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் சீட்டு நடக்கிறது என்று தெரிந்தால் போய்விடுவார். அப்பா ஆடுகிற பந்தலில் மகனுக்குக் காவல் வேலை. அவன் எத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்? உட்கார்ந்தான். அப்புறம் அந்தச் சீட்டே போனுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு அவனுக்குச் சாவு வீடுகூடத் தேவைப்படவில்லை. கம்பம் நடும்போதும் ஒரு கையில் போன் இருக்கும். அவன் மனைவி காந்திமதி காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லாமல் கடை வாசலில் வந்து நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான்தான் கத்துவேன்.

பொழிச்சலூரில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு பாட்டியம்மா இறந்துபோனார். மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். குப்புராஜின் போனில் சார்ஜ் தீர்கிற நேரம், ஆட்டமோ பாதியில். இந்தப் பாவி ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனைச் சொருகினான். "ஒரு கை முடிஞ்சதும் மாட்டிக்கலாம்னு நெனச்சேன்க்கா" என்றான் பிறகு. ஒரு கை முடிந்தால் அடுத்த கை வராதா? மகள் வந்து மூடியைத் திறந்தபோது வீச்சம் தாங்காமல் எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவனை அடித்தார்கள். நியாயமான அடி. நான் போய் அந்த மகளின் காலில் விழுந்தேன். என் தொழிலில் அதைவிடக் கேவலம் எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் அவனிடம் சொன்னேன். "இன்னொரு தடவை உன் கையில சீட்டைப் பார்த்தேன், கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே." விஷயம் கேட்டு ஓடிவந்திருந்த காந்திமதி அன்றுதான் வாயைத் திறந்தாள். "அக்கா வேலைதான் இல்லன்றாங்க. இன்னொரு தபா நீ தொட்டீன்னா நானும் அஞ்சலியும் இல்ல. அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்." அஞ்சலி அவர்கள் மகள். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சர்ச்சுக்கு வருகிற ஆல்வின், காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டெண்ட். அவனும் ஒரு காலத்தில் கிரிக்கெட் பந்தயத்தில் எல்லாவற்றையும் தொலைத்தவன். கிழக்குத் தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கூட்டம் நடத்துகிறான். சூதாட்டத்தை விட்டவர்கள், விட முடியாதவர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், டீ குடிப்பார்கள். அவ்வளவுதான். நான் குப்புராஜை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். டீ குடித்துப் பேசினால் தீருகிற வியாதியா இது என்று எனக்குள் ஒரே எரிச்சல்.

கூட்டத்தில் சிக்கலே வேறு மாதிரி வந்தது. குடிப்பதை விடுகிறவன் ஒயின்ஷாப் பக்கம் போகாமல் இருக்கலாம். இவன் பிழைப்பே சீட்டு நடக்கிற இடத்தில்தானே? "அண்ணா, வேற வேலை பாக்கக் கூடாதா?" என்று ஆல்வின் கேட்டான். "எனக்கு இன்னா தெரியும் ஆல்வினு? கம்பம் நடத் தெரியும், பெட்டி பாத்துக்கத் தெரியும்" என்றான் குப்புராஜ். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவன் தனியா போனாத்தானே வம்பு? நான் கூடப் போய் உட்கார்ந்துக்கறேனே."

சொன்னவர் தோத்தாத்ரி சார். திருநீர்மலைக்காரர். நெற்றியில் பளிச்சென்று நாமம். குதிரைப் பந்தயத்தில் வீட்டைத் தொலைத்து, ரிட்டையராகி, பெண்டாட்டியோடு வாடகை வீட்டில் இருக்கிறவர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வாசற்படி ஏறாத மனிதர், முன்பின் தெரியாதவர் வீட்டுப் பிணத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறாராம்!

உட்கார்ந்தார் ஐயா. என் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஆர்டர் வந்தால் முதல் போன் குப்புராஜுக்கு, அடுத்த போன் ஆல்வினுக்கு. அவன் சாருக்குச் சொல்லுவான். குப்புராஜ் பெட்டியை இறக்கிப் பிளக்கை மாட்டி முடிப்பதற்குள் சார் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். இரண்டு நாற்காலியைச் சீட்டாடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டு இருவரும் உட்காருவார்கள். பேசுவதற்கு என்ன இருந்ததோ, பேசிக்கொண்டே இருப்பார்கள். சாருக்கு முடியாத நாளில் ஆல்வின் வருவான், அவனுக்கும் முடியாவிட்டால் கூட்டத்திலிருந்து வேறு யாராவது வருவார்கள். பெட்டிக்குக் குப்புராஜ் காவல், குப்புராஜுக்கு இவர்கள் காவல். சம்பளம் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது, சாதி சனமும் கிடையாது. எதற்காக இப்படிச் செய்கிறார்கள்? எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இப்படி ஒரு விஷயத்தை நான் பார்த்ததில்லை.

பம்மலில் ஒரு வீட்டில் சாரின் நாமத்தையும் வெள்ளை வேட்டியையும் பார்த்து, செத்தவரின் பழைய முதலாளி என்று நினைத்துவிட்டார்கள். கையைப் பிடித்து அழைத்துப் போய், கையில் மாலையைக் கொடுத்து, "நீங்கதான் மொதல்ல போடணும்" என்றார்கள். இவர் மறுக்கத் தெரியாமல் போட்டார். அதோடு விட்டாரா? செத்தவர் முகத்தைப் பார்த்ததும் நிஜமாகவே அழுதுவிட்டார். செத்தவரின் பெண்டாட்டி இவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். நான் வாசலில் நின்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மார்கழிக் குளிர். சார் எப்போது வீடு திரும்பினாலும் கொல்லைப்பக்கம் அவர் வீட்டு மாமி வாளியில் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாளாம். "இன்னிக்கு யாரு?" என்றுகூடக் கேட்க மாட்டாளாம்.

இப்படியே ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. குப்புராஜ் பட்டன் போனுக்கு மாறியிருந்தான். காந்திமதியின் காதில் கவரிங் தோடு வந்திருந்தது. அவன் ஒரு தடவைகூடச் சீட்டைத் தொடவில்லை. தொட வேண்டும் போல இருந்தால் என்னிடமே வந்து சொல்லுவான். "அக்கா, இன்னிக்கி கை அரிக்குது, எதுனா வேலை குடு." நான் நாற்காலி முழுவதையும் கழுவச் சொல்லுவேன். என் கடை நாற்காலிகள் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

ஒரு நாள் காலையில் போன். "அக்கா, பெட்டி வேணும்."

"எங்கடா?"

"எங்க வூட்டுக்கு. நைனா போயிட்டாரு."

நான் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன், கேட்கவில்லை. தன் அப்பாவுக்குத் தானே கம்பம் நட்டான், தானே பெட்டியை இறக்கினான். பிளக்கை மாட்டி, கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்த்தான். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோத்தாத்ரி சாரும் ஆல்வினும் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

வெளியே அவன் கட்டிய பந்தலின் கீழேயே அவன் சொந்தக்காரர்கள் சீட்டைக் கலைத்துப் போட்டார்கள். எனக்கு உச்சி மண்டை எரிந்தது. நாற்காலியைப் பிடுங்கப் போனேன். குப்புராஜ் உள்ளே இருந்தபடியே கூப்பிட்டான். "வுடுக்கா. ஊர்ல சீட்டே இருக்கக் கூடாதுன்னா நான் எங்க போய் வாழறது? அது அங்க கீது, நான் இங்க கீறேன்."

மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. ரங்கனைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். எங்கள் பக்கம், செத்தவருக்குப் பிடித்த பொருளைக் கூடவே வைத்து அனுப்புவது வழக்கம். ஒருவர் பீடிக்கட்டை வைத்தார், ஒருவர் வெற்றிலை பாக்கு வைத்தார். குப்புராஜின் தாய்மாமன் சுகுமார் ரங்கனின் தலையணைக்குக் கீழே கிடந்த சீட்டுக்கட்டை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் நைந்து அழுக்கேறிய கட்டு.

"மூத்த புள்ள நீதான்டா வைக்கணும். உங்கப்பன் கைல குடு" என்று நீட்டினார்.

மேளம் நின்றது. அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முறை அது. எதிரே காந்திமதி மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவன் கையையே பார்த்தபடி நிற்கிறாள். மறுத்தால் அப்பன் ஆசையைத் தட்டினவன் என்று தெருவே பேசும். தொட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அவனுக்காகத் தோத்தாத்ரி சாரோ ஆல்வினோ சொல்ல முடிகிற விஷயமா அது?

குப்புராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்னால முடியாது மாமா. நான் சூதாடி. உங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா நான் என் வாயால இந்தத் தெருவுல சொன்னதில்ல. இப்ப சொல்றேன். அந்தக் கட்டு என் கைல பட்டுச்சின்னா, சுடுகாட்டுலேந்து வந்து குளிக்கக்கூட மாட்டேன், நேரா உங்ககூட உக்காந்துடுவேன். அப்பால என் பொண்டாட்டி, புள்ள யாரும் எனக்கு இல்ல."

"சரி, உன் தம்பி வைக்கட்டும்" என்றார் சுகுமார்.

"யாரும் வாணாம் மாமா. நைனாவால கடைசி வரிக்கும் அத்த வுட முடில. போம்போதாவது வெறுங்கையா போவட்டும்."

ஆண்டவரே! தெருவே பார்க்க, அப்பன் பிணத்தின் முன்னால், ஒரு மனுஷன் தன்னைத்தானே இப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா? பிளக்கைப் பிடுங்கிய அதே குப்புராஜ்தானா இவன்?

சுகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த குப்புராஜின் அம்மா ரேணுகாம்பாள் எழுந்தார். "குடு சுகுமாரு" என்று தம்பி கையிலிருந்து சீட்டுக்கட்டை வாங்கினார். அவர்தான் வைக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அதை என் கையில் திணித்துவிட்டு, பாடைப் பக்கத்தில் உட்கார்ந்து, புருஷனின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அதற்குள் தன் கையை வைத்தார்.

"எனக்குக் கல்யாணமான நாள்லேந்து இந்தக் கைல எடமே இல்ல" என்றார். "இப்பதான் காலியா கீது."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஆல்வின் குப்புராஜோடு சுடுகாட்டுக்குப் போனான். நான் பந்தலில் நின்றேன், கையில் அந்தக் கட்டு. தோத்தாத்ரி சார் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"ஷீலாம்மா, அதை எங்கேயாவது போட்டுடுங்கோ. என் கண்ணுல படவேண்டாம்."

சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் குளிக்கப் பக்கத்தில் செங்கல் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சீட்டுக்கட்டை அந்த அடுப்பில் போட்டேன். அது எரிந்து முடிந்ததும் சார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் அவனுக்குக் காவல் இருக்கேன்னு நீங்க எல்லாரும் நினைச்சுண்டிருக்கேள்" என்றார். "இன்னிக்கு அவன் அதைத் தொட்டிருந்தா, நானும் இந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுண்டு ஒரு கை ஆடியிருப்பேன். காரியம் முடியற வரைக்கும் அவன் வேலைக்கு வரமாட்டான், இல்லையா?" வரமாட்டான் என்று தலையாட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் திருநீர்மலையில் ஒரு வளைகாப்புக்கு நாற்காலி இறக்கப் போயிருந்தேன். சாரின் தெருவைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே, தெருவில், மழித்த தலையோடு குப்புராஜ் உட்கார்ந்திருக்கிறான். எதிரே சார். தீட்டு வீட்டுக்காரன் உள்ளே வரக் கூடாது என்று மாமி இரண்டு நாற்காலியையும் வெளியே கொண்டுவந்து போட்டிருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். "டேய்! அப்பன் காரியம் முடியாம தெருத்தெருவா சுத்தறியே, உனக்கு அறிவிருக்கா?"

குப்புராஜ் எழுந்திருக்கக்கூட இல்லை. "இன்னாக்கா பண்ணச் சொல்ற?" என்றான். "நான் வூட்டுல குந்திக்கினா சாருக்கு யாரு காவலு?"