பெர்த்தம்மாவுக்காக எழுதிய மனு

சிஸ்டர் பெர்த்தா இறந்துபோன செய்தி, அவரைப் புதைத்துப் பத்தொன்பது நாள் கழித்து எங்களுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் ஜன்னல் வழியாக வெளிநாட்டு உறையை நீட்டி, "சார், படிச்சிட்டு ஸ்டாம்ப மட்டும் கிழிச்சி எனக்குக் குட்த்துடு" என்றார். படித்தேன். ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்தேன். கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கையும் போட்டு முடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாலையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதினாறு வருஷம் சிஸ்டரின் டிஸ்பென்சரியில் கட்டுத்துணி துவைத்தவள். அடுப்பில் உலை வைத்திருந்தாள்.

"எப்போ?"

"மூணு வாரம் ஆவப்போவுது."

அம்மா எழுந்து அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். "மூணு வாரமா நான் சோறு துன்னுகினு இருந்தேனா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்கரை வரையில் இருக்கும் நமக்கு சிஸ்டரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் ஏன் போனார் என்பதை நம்மில் பலர் தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சர்க்கார் விரட்டிவிட்டது என்கிறார்கள் சிலர். வயதானதும் வெள்ளைக்காரிக்குத் தன் ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொய். அவர் இந்த ஊரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இங்கேயே சாக வேண்டும், டிஸ்பென்சரிக்குப் பின்னால் சவுக்கு மரங்களின் ஓரம் புதைக்க வேண்டும். அது நடக்காமல் போனதற்குக் காரணம் நாம். குறிப்பாக நான்.

பெல்ஜியத்தில் மாடு வைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவர் அவர். பதினெட்டு வயதில் கன்னியாஸ்திரிகள் சபையில் சேர்ந்து, கப்பலில் வந்து, சென்னை மடத்தில் சில வருஷம் இருந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து ஓலைக்கொட்டகை போட்டார். மடத்தில் புத்தகம் வைத்துப் படித்த தமிழ் இங்கே ஒருவருக்கும் புரியவில்லை. அதைக் கைவிட்டுவிட்டு, மீன்கூடைக்காரிகளிடம் முதலிலிருந்து கற்றார். அதனால் அவர் பேச ஆரம்பித்தால் கேட்பதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள். "இன்னா நைனா, ஒரு மாசமா ஆளையே காணோம். கால் தானா நல்லாப்பூட்ச்சா? காமி." ஒருமுறை சென்னையிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சிஸ்டருக்கு அது ஏன் என்று கடைசிவரை தெரியாது.

டிஸ்பென்சரிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் குஷ்டரோகிகள். சிஸ்டரின் ஊர்ப் பெண்கள் பழைய படுக்கை விரிப்புகளை வருஷத்துக்கு ஒரு பெட்டி கப்பலில் அனுப்புவார்கள். அவற்றை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டுச் சுருட்ட வேண்டும். கொதிக்கவைப்பது அம்மாவின் வேலை. சுருட்டுவது நோயாளிகளின் வேலை. விரல் இல்லாதவர்கள் துணியைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுவார்கள். கோணலாக வந்தால் சிஸ்டர் இரக்கம் காட்டமாட்டார். அவிழ்த்துத் திரும்பக் கையில் கொடுப்பார். "இது இன்னா, பாம்பு சட்டையா? மறுபடி சுத்து."

மதம் மாற்ற வந்தவர் என்று பேசினார்கள். பதினாறு வருஷத்தில் எங்கள் அம்மா மாறவில்லை. ஆடியில் கூழ் ஊற்றும் நாளில் லீவு கேட்டால், "போ, எனக்கு ஒரு சொம்பு எட்த்துகினு வா" என்பார். பேசியவர்கள் யாரென்றும் எனக்குத் தெரியும். தங்கள் வயலில் இருபது வருஷம் நாற்று நட்ட செல்லம்மாளின் விரல்கள் மழுங்கத் தொடங்கியதும், வரப்பில் கால் வைக்காதே என்றவர்கள். அவள் புண்ணைக் கழுவ ஒருத்தி கடல் கடந்து வர வேண்டியிருந்தது. அதில் அவர்களுக்கு வெட்கமில்லை. வந்தவள் கழுத்தில் சிலுவை தொங்கியதுதான் குறையாகப்பட்டது.

எனக்கும் சிஸ்டருக்கும் ஒத்துப்போனதே இல்லை. ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில், புண்ணுக்குக் கட்டுப் போடுவதால் எதுவும் மாறாது என்று அவரிடமே சொன்னேன். "மாறாதுதான்" என்றார். "நீ மாத்து. அதுவரைக்கும் நான் கட்டறேன்." எனக்குக் கோபம் வந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஓர் இரும்புப் பட்டறையில் ஏழுமலை என்பவருக்கு முழங்கையிலிருந்து தோள்வரை வெந்துபோனது. நான்தான் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் பட்டறை மேஸ்திரி சைக்கிளில் வந்துவிட்டார்.

"மதர், சீட்டுல ஊட்ல சமைக்கும்போது சுட்டுச்சுன்னு எழுதிக் குட்த்துடுங்க. இல்லாட்டி எல்லாருக்கும் பேஜாரு."

சிஸ்டர் நிமிரவில்லை. "அவன் ஊட்ல இன்னா சமைக்கிறான்? இரும்பா?"

பட்டறையில் உருகிய இரும்பு பட்டது என்று சீட்டில் எழுதினார். மேஸ்திரி வாங்கிக் கிழித்தார். சிஸ்டர் மறுபடி எழுதினார். அதையும் கிழித்தார். மூன்றாவதை எழுதி என் கையில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நஷ்டஈட்டுக்காக நான் நான்கு மாதம் அலைந்தேன். ஏழுமலை எங்கள் ஆளே இல்லை என்று பட்டறை சொல்லிவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சீட்டால் என்ன பிரயோஜனம் என்று ஒருநாள் சிஸ்டரிடம் கத்தினேன். "ஒண்ணும் இல்லதான்" என்றார். "ஆனா என் கையால பொய் எழுத மாட்டேன்."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பேச்சு பரவியது. சபையில் இங்கே அனுப்பப் புதிய சிஸ்டர்கள் இல்லையாம், டிஸ்பென்சரியை மூடிவிட்டு இவரைச் சென்னை மடத்துக்கு அழைத்துக்கொள்ளப் போகிறார்களாம். நோயாளிகள் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். நாகப்பன்தான் பேசினார்.

"வாத்தியாரே, ஒரு மனு எழுது. அவுங்க ஊர்ல பெரிய மதர் கீறாங்களாமே, அவங்களுக்கே எழுது. இவங்கள இங்கியே வுட்டுட்டு, கூடமாட ஒருத்தர அனுப்பச் சொல்லு."

மனு எழுதுவதில் இந்த வட்டாரத்தில் எனக்குப் பெயர் உண்டு. முதியோர் பென்ஷனுக்கு, பட்டாவுக்கு, கிணற்றுக்கு என்று எல்லோருக்கும் எழுதுவேன். மனு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது, ஆதரவு இல்லை என்று எழுத வேண்டும். எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு உதவி. அப்படித்தான் எழுதினேன். சிஸ்டருக்கு வலது கண் போய்விட்டது, இடது கண் மங்கிவிட்டது, தடவிப் பார்த்துத்தான் கட்டுப் போடுகிறார் என்று எழுதினேன். கோடையில் இரண்டுமுறை மயங்கி விழுந்தார், மதியம் ஒருவேளை கஞ்சிதான் குடிக்கிறார், நீங்கள் வருஷத்துக்கு ஒரு பெட்டி துணி அனுப்புவதோடு சரி, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்றும் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கார்பன் வைத்து, இரண்டு பக்கம்.

வாசித்துத் தமிழில் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் கண்ணப் பத்திப் போடு" என்றாள் செல்லம்மாள். போட்டேன். பிறகு கைநாட்டு. கட்டைவிரல் இருந்தவர்கள் கட்டைவிரலை வைத்தார்கள். இல்லாதவர்கள் மணிக்கட்டை மையில் தோய்த்து வைத்தார்கள். சிஸ்டருக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்ததும் நாங்கள்தான்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. நான் எதிர்பார்த்த எந்த அதிகாரத்தின் குரலும் அதில் இல்லை. அன்பான கடிதம். சிஸ்டரின் உடல்நிலை இப்படி ஆகிவிட்டது எங்களுக்குத் தெரியாது, அவர் ஒரு கடிதத்திலும் சொன்னதில்லை, உண்மையைத் தெரிவித்த உங்களுக்கு நன்றி, இனி ஒருநாளும் அவரைக் கஷ்டப்பட விடமாட்டோம், ஊருக்கு அழைத்து ஓய்வு கொடுக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். சென்னை மடத்துக்குக்கூட இல்லை, ஊருக்கே. என் வாழ்நாளில் நான் எழுதிய மனுக்களில் உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றின்மேல்தான்.

மனுவில் இருந்ததைச் சொல்லி சிஸ்டருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. மறுநாள் அவர் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளை வெளியே அனுப்பினேன்.

"நீதானே எழுதின?"

"ஆமா சிஸ்டர்."

"நல்லா எழுதிக்கிற. பென்ஷன் குட்த்துடுவாங்க போலக்கீது."

"திருப்பி எழுதறேன் சிஸ்டர். கண்ணு நல்லாத் தெரியுது, மயக்கம் எல்லாம் வர்ல, நான்தான் ஜாஸ்தியா எழுதிட்டேன்னு எழுதறேன். எல்லாரும் மறுபடி கைநாட்டு வெப்பாங்க."

அவர் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தார். "ஏழுமலைக்கு நான் எழுதாத பொய்ய, எனக்கு நீ எழுதுவியா?"

"அப்ப மாட்டேன்னு சொல்லுங்க. போவ மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"சபை சொன்ன வார்த்தையக் கேப்பேன்னு பதினெட்டு வயசுல சத்தியம் பண்ணிக்கிறேன்" என்றார். "இத வுட்டா வேற இடம் தெரியாது எனக்கு. ஆனா போவணும்."

அந்தச் சத்தியத்தை நான் அன்றும் மதிக்கவில்லை, இன்றும் மதிக்கவில்லை. ஆனால் அதை உடைக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? அம்மா மூலையில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் போன நாள் உங்களில் பலர் ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தீர்கள். நோயாளிகளை யாரும் தடுக்கவில்லை. பழக்கத்தால் அவர்களே கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டார்கள். சிஸ்டருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. வேலிப் பக்கம் திரும்பி, "யார் யாரு வந்துகீறீங்க?" என்றார். அவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் புண்ணைச் சொன்னார்.

"நாகப்பன்."

"இடது குதிகால். ஏரித்தண்ணில எறங்காத."

"செல்லம்மா."

"ரெண்டு கையும். சூடான குண்டானத் துணி இல்லாமப் புடிக்காத. சொன்னாக் கேக்க மாட்ட நீ."

கால்வாசிப் பேர் முடிவதற்குள் ரயில் வந்துவிட்டது. மிச்சப்பேர் பெயரைக் கத்தினார்கள். எஞ்சின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

டிஸ்பென்சரி பூட்டியே கிடக்கிறது. நாகப்பனின் குதிகால் மறுபடி திறந்துகொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். பெட்டியில் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள் என்று அவர் போவதில்லை. நான் மாற்றுவேன் என்று சொன்னவன். ஒன்றையும் மாற்றவில்லை. கட்டுப் போடவும் கற்றுக்கொள்ளவில்லை.

வந்த கடிதத்தில், சிஸ்டர் மூன்று வருஷமும் நல்ல அறையில், நல்ல கவனிப்பில் இருந்தார் என்று எழுதியிருந்தார்கள். நம்புகிறேன். கடைசி ஒரு வாரம் தன் சொந்த பாஷை அவருக்கு மறந்துபோய், நம் பாஷையில் மட்டும் பேசினாராம். எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாராம். பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, மன்னியுங்கள் என்று முடித்திருந்தார்கள்.

அம்மா அந்த இடத்தை இரண்டுமுறை சொல்லச் சொன்னாள். "இன்னா கேட்டுதாம்?"

"தெரியல. எழுதல."

"தண்ணி கேட்டுச்சோ இன்னாவோ" என்றாள். "நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேனே."

அவர் விட்டுப்போன கட்டுத்துணிகள் முதல் மழைக்காலத்துக்குள் தீர்ந்துவிட்டன. படமும் கிடையாது. என்னிடம் இருப்பது அந்த மனுவின் நகல்தான். கார்பனில் கைநாட்டு விழாது. அதனால் நாகப்பனின் மணிக்கட்டும் செல்லம்மாளின் மணிக்கட்டும் அதில் இல்லை. நான் எழுதியது மட்டும் இருக்கிறது. நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கத்தில் ஒரு பொய்கூட இல்லை.