கல்லாகிப் போன பெடல்

என் காரின் டாஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கை மூன்று மாதம் வெறுத்தேன். வழுக்கும் ஒரு குட்டிக் கார், அதன் பின்னால் நெளியும் இரண்டு கோடுகள். தேயிலை மேட்டில் ஏறும்போதெல்லாம் எரியும். இன்ஜின் நடுங்கும், நின்றால் இருமும். மழை இல்லை, சேறு இல்லை, சக்கரம் வழுக்கவும் இல்லை. பிறகு எதற்கடா எரிகிறாய்?

வாரம் மூன்று நாள் அக்காவை இரத்தம் சுத்திகரிக்கத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஒரு நாள் தவறினாலும் அவளுக்குக் கால் வீங்கும், மூச்சு முட்டும்.

ரிங்லெட் டவுன் மெக்கானிக் கருவியைச் செருகிப் பார்த்து, சக்கரத்தின் சென்சர் போய்விட்டது என்றான். மாற்றினான். விளக்கு நாலு நாள் தூங்கி, மறுபடி விழித்தது. இன்னொரு சக்கரத்திலும் மாற்றினான். மறுபடியும் விழித்தது.

"ஏன்டா, நாலு சக்கரமும் முடிஞ்சா ஸ்டியரிங்க மாத்துவியா?"

"கோவப்படாதீங்கண்ணே. இன்ஜின்ல யாராச்சும் கை வச்சீங்களா?"

"உன் கையத் தவிர எவன் கையும் படல."

"அப்ப வெறும் லைட்டுதானே, ஓட்டுங்க லா."

அவன் அலட்சியமாக இழுத்த அந்த 'லா' வழியெல்லாம் என் காதில் குத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை அக்காவை ஏற்றிக்கொண்டு போகும்போது, இறக்கத்து வளைவில் ஒரு காய்கறி லாரி நின்றிருந்தது. மிதித்தேன். பிரேக் பெடல் கல். இரண்டு காலாலும் மிதித்தேன். கல்லேதான். ஹேண்ட்பிரேக்கை இழுத்து மண்மேட்டில் உரசினேன். லாரிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"சாவுறதுன்னா ஆஸ்பத்திரியிலயே செத்துக்கிறேன்டா. ஒன் காடியில வேணாம்."

அக்கா இறங்கி, லாரிக்காரரிடம் கேட்டு, அவர் பக்கத்தில் ஏறிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்ஜினை அணைத்தேன். பெடலை ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். பிரேக் சரியாக இருந்தால் பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். அசையவில்லை. பானெட்டைத் திறந்தால், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் குழாயைத் தடவி வந்தேன். ஓரிடத்தில் கட்டைவிரலை அழுத்தியதும் இன்ஜின் நடுக்கம் நின்றது.

விரலுக்குக் கீழே இருந்தது, காய்கறித் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் சொட்டவிடும் கறுப்புக் குழாய்.

இந்த மலையில் நாங்கள் அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஒப்பேற்றுகிறோம்: துணிக்கொடி, ஆட்டுக் கயிறு, ஒழுகும் பைப்பு. போன வருஷம் காரின் அசல் குழாய் வெடித்தபோது, இந்தச் சொட்டுக் குழாயில் ஒரு சாண் வெட்டி மாட்டியவன் நான். மாட்டியதையே மறந்தவனும் நான். மெல்லிய குழாய் இன்ஜின் சூட்டில் இளகிப் பிளந்துவிட்டது. அந்தப் பிளவில் காற்று புகுந்து இன்ஜின் குழம்பியது. குழம்பியதும் கார் தன் வழுக்கல் தடுப்பைத் தானே அணைத்துக்கொண்டு விளக்கைப் போட்டது. பிரேக் மிதியை இலகுவாக்க இன்ஜின் தரும் உறிஞ்சலும் அங்கேயே செத்தது.

மெக்கானிக் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. விளக்கைப் பார்த்தான், காது கொடுக்கவில்லை. ஆனால் யாராவது கை வைத்தீர்களா என்று அவன் கேட்டானே! கேட்டவன் மேல்தானே பாய்ந்தேன். அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

சரியான குழாய் மாட்டியாயிற்று. விளக்கு எரிவதில்லை. அக்காவும் வேறு வழியில்லாமல் வருகிறாள். இறக்கம் வந்ததும், அவள் வலது கை ஹேண்ட்பிரேக்கின் மேல் போய் உட்காரும்.

நான் கியரைக் குறைத்து மெல்ல இறக்குவேன்.