மக்காவ் போக விசா தேவையில்லை

ஹொங்கொங்குக்குப் பக்கத்திலுள்ள மக்காவ் நகரில் ஹோட்டல் வேலை பார்க்கும் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தாய், மன்னாரில் இருக்கும் என் அக்காதான் என்று மகள் பிடிவாதமாக நின்றாள்.

பயண விவரங்களைத் தேடுவது என் பொறுப்பு. சுவிட்சர்லாந்தின் துன் நகரில் என் வீட்டிலிருந்தே சுவிஸ்காரருக்கான பயணப் பக்கமொன்றைத் திறந்து, அக்காவுக்குப் போனில் வாசித்தேன்.

"அங்கத்தைக் காசுக்குப் பட்டாக்கா எண்டு பேர். ஹொங்கொங் டொலரும் எடுப்பினம். பிளக் எங்கட ஊர் மாதிரித்தான். விசா தேவையில்லை அக்கா."

"உண்மையாவோ? எங்களை விசா இல்லாமல் விடுற இடமும் இருக்கோ?" அக்கா சிரித்தாள்.

சூரிச் விமான நிலையத்தில் நான் காத்திருந்தபோது, கொழும்பு விமான நிலையத்திலிருந்து அழைத்தாள்.

"தம்பி, விசா எங்கையெண்டு கேக்கினம். இல்லாட்டி ஏத்தமாட்டினமாம். நீ ஒருக்காக் கதைச்சுப் பாரன்."

என் கையிலிருந்த சிவப்பு சுவிஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். நான் வாசித்ததெல்லாம் அதை வைத்திருப்பவர்களுக்கு எழுதியது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

"அக்கா..." என்றேன்.

"சரி, நீ போ. பிள்ளைக்குத் தைச்ச சட்டைதான் என்ர பைக்குள்ளை கிடக்கு."

தேவாலயத்தில் மகளின் சிநேகிதி ஒருத்தி பிள்ளையை ஏந்தினாள். கடையில் வாங்கிய சட்டை பிள்ளைக்குத் தொளதொளவென்று இருந்தது. மாலையில் அழைத்த அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"தண்ணி ஊத்தேக்கை பிள்ளை அழுததோ?" என்று மட்டும் கேட்டாள்.

நானும் அந்த இலங்கைப் பாஸ்போர்ட்டோடு வரிசைகளில் நின்றவன்தான். சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்ததும் நான் விலகிவிட்டேன். அக்கா இன்னும் அங்கேதான் நிற்கிறாள் என்பதை மறந்துபோனேன்.