கையைத் தூக்கி வந்தவன்

பட்டாளத்து அப்புசாமி எனக்குப் பெரியப்பா மகன். கொல்லிமலை அடிவாரத்தில் அவர் காடும் என் காடும் பக்கத்துப் பக்கத்தில். அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்படியொரு பிடிவாதக்காரர்.

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் அவர் சுட்டதைவிடக் காவல் காத்ததுதான் அதிகம். சரணடைந்த பாகிஸ்தான் சிப்பாய்களை வடக்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே இரண்டு வருஷம் இருந்தார். ஊருக்கு வந்தபின் எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்த முகாமில் கொண்டுபோய் நிறுத்துவார். கையைத் தூக்கியவன்மேல் அடி விழக்கூடாது. அவன் வீட்டுக்குக் கடிதம் போட விடவேண்டும். காலையும் மாலையும் வரிசையில் நிறுத்தி எண்ண வேண்டும். "ஒரு ஆள் கொறஞ்சாலும் நாங்க சோத்துல கை வெக்க மாட்டோம் தம்பி" என்பார். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வரும் லாரிக்காரன்கூட இந்தக் கதைக்குப் பயந்து வண்டியைத் தள்ளி நிறுத்துவான்.

எண்பத்தொன்றாம் வருஷம் மாசியில் அவர் கிழங்குக் காட்டுக்குள் ஒருவன் கிடந்தான். எருமைக்குப் புல் அறுக்கப் போன அவர் மனைவி கண்ணாத்தாள்தான் பார்த்தது. கால் வீங்கியிருந்தது. பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி. பேர் வீரபாகு, ராசிபுரத்துத் தறிக்காரர் மகன். தருமபுரிப் பக்கம் ஒரு நிலக்காரரை ராத்திரி வீடு புகுந்து வெட்டிய புரட்சிக் கூட்டத்தில் இவனும் ஒருவன். கேட்டதற்கு மறைக்காமல் சொன்னான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்டுப்பட்டவரும் என்னைப்போலக் காடு வைத்திருந்தவர்தானே. "தூங்கறவன வெட்டுனவனுக்கு என்னங்கண்ணா சட்டம்?" என்றேன். அப்புசாமி அண்ணன் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அவனுக்குக் கம்மஞ்சோறு கரைத்துக் கொடுத்தார்.

"போலீசு கையில கெடச்சாச் சுட்டுருவாங்க. நான் மலையேறிடறனுங்க" என்றான் அவன்.

"துப்பாக்கியக் கீழ வெச்சுட்டு, கையத் தூக்கிட்டு, பட்டப்பகல்ல நாலு பேர் பார்க்கப் போனா ஆரும் சுட மாட்டாங்க சாமி. நாங்கூட வாரேன்."

அவன் நம்பவில்லை. அண்ணன் அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, எங்கள் குலசாமி பேரைச் சொல்லி வாக்குக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அவன் சரி என்றான். போலீசுக்குச் சொல்லப் போனது நான்தான். சந்தோஷமாகத்தான் போனேன்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. வீரபாகு நொண்டிக்கொண்டே கையைத் தூக்கி வந்தான். அண்ணன் துப்பாக்கியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டு, "ஆளை ஒப்படைச்சதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. பேரு, அப்பன் பேரு, நேரம், உசுரோட இருக்கறான்னு" என்று கேட்டார்.

"என்னய்யா, மாடா ஓட்டிட்டு வந்திருக்கே?"

"எங்க முகாமுல எழுதுவோமுங்க."

"அது நாட்டுக்கு நாடு நடக்கிற சண்டைக்கு. இவன் எந்த நாட்டுச் சிப்பாய்?"

"எந்த நாடுன்னு பார்த்தா கையத் தூக்கறாங்க? துப்பாக்கியக் கீழ போட்டவன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே."

இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. நான்தான் குறுக்கே புகுந்து அண்ணனின் தோளைப் பிடித்து இழுத்தேன். "அவுங்ககிட்ட எதுக்குங்கண்ணா வம்பு, ஊட்டுக்கு வாங்க" என்றேன். அவர் நின்றிருந்தால் சீட்டு கிடைத்திருக்கும், அவ்வளவு பிடிவாதக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். பாழாய்ப்போன என் பயத்துக்காக வந்தார்.

மூன்றாம் நாள் போலீசார் மலை அடிவாரத்துக்கு எங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வீரபாகு குப்புறக் கிடந்தான். தப்பி ஓடிச் சுட்டானாம், இவர்கள் திருப்பிச் சுட்டார்களாம். பக்கத்தில் அதே நாட்டுத் துப்பாக்கி. மணிக்கட்டு இரண்டிலும் கயிறு இறுகிய தடம் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அவர்கள் நீட்டிய சாட்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பயம் ஒரு பக்கம். ஒழிந்தான் என்ற நினைப்பும் இருந்தது, அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

அண்ணன் போடவில்லை. "இந்தத் துப்பாக்கிய நாந்தானுங்க உங்க கையில குடுத்தேன்" என்றார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுவாரம் ராசிபுரத்துக்குப் போனார், நானும் கூடப் போனேன். வீரபாகுவின் அம்மா குஞ்சம்மாள் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, "நீங்கதான் எம்பையன் கையப் புடிச்சுச் சொன்னதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாங்க" என்றார். அந்தம்மா கொடுத்த தண்ணீரை அவரால் குடிக்க முடியவில்லை. அதோடு முகாம் பேச்சு நின்றது. லாரிக்காரன் வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்த ஆரம்பித்தான்.

வெட்டுப்பட்டவருக்காக எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கோர்ட்டில் நிறுத்தி வீரபாகுவைத் தூக்கில் போட்டிருந்தால் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்க மாட்டேன். ஆனால் அவன் எங்கள் வாக்கை நம்பிக் கையைத் தூக்கினான். அதை நினைத்தால்தான் தூக்கம் போகிறது.

எண்பத்தெட்டில் அண்ணன் படுத்துவிட்டார். ஒரு சாயங்காலம் கண்ணாத்தாள் கூப்பிட்டனுப்பினாள். போனபோது விரலை நீட்டிச் சுவர்ப்பக்கமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"எண்ணிப் பாரு தம்பி. ஒண்ணு கொறயுது."

"சரியாத்தானுங்கண்ணா இருக்குது" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். கண்ணாத்தாள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதில் கை வைக்கவில்லை.