ஓடைப் பாலம் யார் கணக்கில்

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் இருந்த பாலம் உடைந்து போனது. பாலம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஓடையில் பெரிய சிமெண்டுக் குழாய்களைப் பதித்து மேலே கான்கிரீட் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் மேல்தான் கம்பெனி வேன் வந்தது, பள்ளிக்கூட ஆட்டோ வந்தது, கேஸ் சிலிண்டர் வந்தது. மழை விட்டபின் போய்ப் பார்த்தால் நடுப்பகுதி அப்படியே உள்ளே இறங்கிக் கிடந்தது. குழாய்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போயிருந்தது.

எனக்கு அப்போது எட்டாம் மாதம்.

நாங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான கையோடு இங்கே வந்துவிட்டோம். பெருமாநல்லூர் போகும் வழியில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங், நான் செக்கிங். மூத்த மகள் பிறந்தது அம்மா வீட்டில். வலி எடுத்த கொஞ்ச நேரத்திலேயே, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும் நிற்காததுமாகப் பிறந்துவிட்டாள். அதனால் இந்த முறை டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார், வலி லேசாகத் தெரிந்தாலே கிளம்பிவிட வேண்டும், இரண்டாவது இன்னும் வேகமாக வரும் என்று. ரத்தம் குறைவாக இருந்ததால் ஊருக்குப் பஸ்ஸில் போகவும் கூடாது என்றுவிட்டார். வேறு வீடு பார்க்கலாம் என்று அவர் பேச்செடுத்ததற்கு, வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு வீடு மாறுவார்களா என்று மாமியார் போனிலேயே சத்தம் போட்டார்.

ஆண்கள் சேர்ந்து ஓடைக்குக் குறுக்கே தென்னந்தடிகளைப் போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதில் கைகோத்து நடந்தார்கள். நான் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இன்னொரு வழி தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரி. மழைக்கு அதில் முழங்கால் வரை சேறு. மாதாமாதம் வரும் செவிலியர் அந்தச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "இந்த ரோட்டுல ஆம்புலன்ஸ் வராதும்மா. ஏதாவது ஏற்பாடு பண்ணிக்குங்க" என்றார். என்ன ஏற்பாடு என்று அவருக்கும் தெரியவில்லை.

முதலில் கவுன்சிலரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

"இந்த வயித்தோட நீ எங்க போய் அலையப் போற? நான் லீவு சொல்லிட்டுப் போறேன்" என்றார் அவர்.

"ஷிப்மெண்ட் நேரத்துல ஒங்களுக்கு லீவு தர மாட்டாவ. நான் வீட்டுலதான இருக்கேன். மெதுவாப் போயிட்டு வாரேன்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னும் பக்கத்து வீட்டுப் பெண் பின்னுமாகப் பிடித்துக்கொள்ள, இட்டேரி வழியாகச் சுற்றி, ஓடைக்கு அந்தக் கரையில் இருக்கும் மாநகராட்சிப் பக்கம் போனோம். கவுன்சிலர் நல்ல மனிதர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். ஆனால் பாலம் என்றதும் கையை விரித்துவிட்டார்.

"நான் மன்றத்துல எந்திரிச்சுப் பேசலாமுங்க அம்மணி. மேயருகிட்டச் சொல்லலாம். தீர்மானமே போட்டாலும் வேலைய உடறது கமிஷனருங்க. அவங்க ஆபீசுல முதல்ல கேக்கறது, எடம் நம்ம எல்லைக்குள்ள இருக்குதான்னுதான். என்ற வார்டு ஓடையோட முடிஞ்சு போச்சுங்க. அக்கட்டால உங்க பக்கம் பஞ்சாயத்து."

"அப்ப ஓடை யாருதுங்கய்யா?"

"அதுதானுங்க எனக்கும் தெரியல."

வெளியே வரும்போது கவுன்சிலருடன் இருந்த ஒருவர், "உங்க ஓட்டெல்லாம் இங்கதானுங்களா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எங்கள் ஓட்டு ஊரில் இருந்தது. அதைச் சொன்னபோது ஏதோ திருட்டு ரயிலில் வந்து மாட்டிக்கொண்டது போலக் கூச்சமாக இருந்தது. லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு ஓட்டு எங்களைப் போலத் தெற்கே. மீதிப் பேருக்கு பீகாரிலும் ஒடிசாவிலும். யாருக்காகப் பாலம் போடுவார்கள் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்தது பஞ்சாயத்து. தலைவரம்மாவின் வீடு எங்கள் பக்கத்துக் கரையிலேயே இருந்ததால் நானே நடந்து போனேன். வீட்டின் கீழ்த்தளத்தில் காஜா பட்டன் யூனிட் வைத்திருந்தார். சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் மெஷின்கள் ஓடும் சத்தத்தில் நான் சொன்னது பாதி கேட்கவில்லை. மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"பாலத்த நானும் போய்ப் பாத்தனுங் கண்ணு. ஆனா நான் இப்பத் தலைவரில்ல. எங்க காலம் முடிஞ்சு போச்சு. எலக்சன் இன்னும் நடக்கல. வார்டு மெம்பரு, ஒன்றியக் கவுன்சிலரு, சேர்மேன், மாவட்டப் பஞ்சாயத்து வரைக்கும் எல்லாருந்தான் ஊட்டுக்கு வந்துட்டோம். இப்ப நம்ம பஞ்சாயத்துக்குத் தனி அலுவலர் பி.டி.ஓ.தான். செக்குல கையெழுத்து அவருது."

ஒரு கரையில் கவுன்சிலருக்கு எல்லை இல்லை. இன்னொரு கரையில் எல்லை இருக்கிறது, தலைவர் இல்லை. நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்க போற? பதவி போனா வாயுமா போயிருச்சு? நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். உன்னால சேத்துல நடக்க முடியாது, என்ற வண்டியில வா."

அவருடைய வண்டி பனியன் பண்டல் ஏற்றும் சின்ன லோடு வண்டி. இட்டேரியில் மற்ற வண்டிகள் சிக்கிக்கொள்ளும். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கியரிலேயே ஓட்டினார். குலுங்காமல் ஓட்ட வேண்டும் என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தி நிறுத்திப் போனார். ஒன்றிய அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் தலைவர் பதவி என்றால் என்ன என்பதையே எனக்கு ஒரு சுற்றுச் சொல்லி முடித்துவிட்டார். தெருவிளக்கு, குடிதண்ணீர், சாக்கடை, சின்ன ரோடு எல்லாம் பஞ்சாயத்து. பெரிய வேலை என்றால் ஒன்றியம். நிலம், ஓடை, புறம்போக்கு எல்லாம் தாசில்தார். இவை எல்லாவற்றுக்கும் மேலே மாவட்டத்துக்குக் கலெக்டர். "மாநகராட்சிக் கமிஷனரு கலெக்டருக்குக் கீழ வரமாட்டாங்க. ஆனா கலெக்டர் கூப்பிட்டாப் பேசாம இருக்க மாட்டாங்க" என்றார்.

பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் களைத்துப்போன மனிதராகத் தெரிந்தார். தலைவர்கள் இல்லாத எல்லாப் பஞ்சாயத்துக்கும் அவர்தான் தலைவர். குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோன ஏதோ ஒரு ஊருக்குப் போனில் பதில் சொல்லிக்கொண்டே எங்களை உட்காரச் சொன்னார்.

"உங்க பக்கத்துக் கரையில நான் வேலை செய்யலாம்மா. ஆனா பாலம்னா ரெண்டு கரையும் சேர்ந்ததுதானே? அந்தக் கரை மாநகராட்சி. நடுவுல ஓடை வருவாய்த் துறை. எல்லை எங்கன்னு அளக்காம நான் குழாய் இறக்கினா நாளைக்கு ஆடிட்ல கேள்வி வரும். நான் தாசில்தாருக்கு எழுதணும், அவர் சர்வேயரை அனுப்பணும், அதுக்கப்புறம் மாநகராட்சிக்கு எழுதணும்."

"அதுக்குள்ள இந்தப் புள்ளைக்குக் கொழந்த பொறந்து நடக்கவே ஆரம்பிச்சுருமுங்க சார்" என்றார் தலைவரம்மா.

பி.டி.ஓ. சிரித்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார், சிரிப்பை விட்டுவிட்டார். "ஒண்ணு பண்ணுங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்க வாங்க. நான் அங்கதான் இருப்பேன். தாசில்தாரும் மாநகராட்சி ஆளுங்களும் அதே ஹால்ல இருப்பாங்க. நாங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதினாத்தான் மாசக்கணக்கு. கலெக்டர் கேட்டா நின்ன இடத்துலயே பதில் சொல்லியாகணும்."

தன் மேலேயே மனு கொடுக்கச் சொல்லி வழிகாட்டிய அதிகாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வாசலில் போலீஸ்காரர்கள் எல்லோருடைய பைகளையும் திறந்து, தீக்குளிக்க மண்ணெண்ணெய் ஏதும் கொண்டுவந்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். என் பையில் ஸ்கேன் கவரும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் ஒரு பெண் போலீஸ் உள்ளே விட்டார். மனுவைப் பதிவு செய்யும் இடத்தில் பெரிய வரிசை. பட்டா கேட்டு வந்தவர்கள், முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்கள், மூன்று சக்கர வண்டியில் வந்த ஒருவர். என்னைப் பார்த்ததும் முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி, "நீ போ தாயி" என்று முன்னே விட்டுவிட்டார்கள்.

ஹாலில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஆட்சியர். சுற்றிலும் நாற்காலிகளில் ஒவ்வொரு துறை அதிகாரியும். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். மனுவை நீட்டியதும் எல்லாம் மறந்துவிட்டது. வாயில் முதலில் வந்தது இதுதான்:

"எங்க ஓட்டு ஊர்ல இருக்குங்க சார்."

ஆட்சியர் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டை யாரும்மா கேட்டா? பிரசவம் எப்போ?"

"அடுத்த மாசங்க."

"நடந்தா வந்தீங்க?"

"தலைவரம்மா வண்டியில கூட்டிட்டு வந்தாங்க."

"முன்னாள் தலைவருங்க" என்று அவரே பின்னாலிருந்து திருத்தினார்.

ஆட்சியர் மனுவைப் படித்துவிட்டு பி.டி.ஓ.வைப் பார்த்தார். அவர் எழுந்து எல்லைப் பிரச்சினையைச் சொன்னார். தாசில்தார் எழுந்து, ஓடை புறம்போக்குத்தான், அளக்க விண்ணப்பம் வரவில்லை என்றார். மாநகராட்சிப் பொறியாளர் எழுந்து, பாலம் தங்கள் பட்டியலில் இல்லை என்றார். மூவரும் சொன்னது உண்மைதான். மூன்று உண்மைகளுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். தலைவரம்மா என் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

"எல்லையை சர்வேயர் அளக்கட்டும்" என்றார் ஆட்சியர். "அளந்து முடிக்கிற வரைக்கும் இவங்க காத்திருக்க முடியாது. ஒன்றியம் குழாய் குடுக்கட்டும். மாநகராட்சி ஜே.சி.பி. அனுப்பட்டும், கமிஷனர்கிட்ட நான் பேசிக்கிறேன். தாசில்தார், நீங்க அந்த இடத்துல நில்லுங்க. இப்போதைக்கு வண்டி போகணும், அவ்வளவுதான். நிரந்தரப் பாலம் யார் கட்டறதுன்னு அப்புறம் பேசலாம்." பிறகு என்னிடம், "நீங்க இனிமே இந்தப் பக்கம் அலையக்கூடாது. வீட்டுல இருங்க" என்றார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடுத்த மனுக்காரர் வந்துவிட்டார். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை என்றால் துக்கம் இல்லை. இத்தனை நாளும் நெஞ்சுக்குள் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன் என்று, அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தலைவரம்மா கரும்புச்சாறு வாங்கிவந்தார். "அழுது முடிச்சுட்டுக் குடி கண்ணு" என்று கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, உண்மையில் வருவார்கள் என்று என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "சொல்லுவாவ. சொல்லிட்டுப் போயிருவாவ" என்றார். அந்த வாரமே வந்துவிட்டார்கள். அந்தக் கரையில் ஜே.சி.பி., இந்தக் கரையில் குழாய் ஏற்றிய லாரி. தாசில்தார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சர்வேயர் சங்கிலியை இழுத்து இழுத்து அளந்து, கடைசியில் எல்லை ஓடையின் நடுவிலேயே போகிறது என்றார். அதைக் கேட்டு ஒன்றியப் பொறியாளரும் மாநகராட்சிப் பொறியாளரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கவுன்சிலர் தன் கரையிலிருந்து எல்லோருக்கும் டீ அனுப்பினார். குழாய்க்கு மேல் கிராவல் கொட்டி அமுக்கினார்கள். முதலில் கடந்து வந்தது கேஸ் வண்டி. அடுத்து எங்கள் கம்பெனி வேன், ஹாரனை அழுத்திக்கொண்டே. நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்று மத்தியானம் படுத்தவள் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்தேன்.

கார்த்திகை முடிவதற்குள் ஒரு காலையில், சோறு வடிக்கும்போது இடுப்பைச் சுற்றி இழுத்தது. அவர் போன் செய்த கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் எங்கள் லைன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. டிரைவர் வழிகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. டாக்டரம்மா நிதானமாக வந்தார். பையன், நல்ல எடை. ரத்தம்கூட ஏற்ற வேண்டி வரவில்லை.

மறுநாள் தலைவரம்மா பார்க்க வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நிரந்தரப் பாலத்துக்கு மதிப்பீடு தயாராகிவிட்டது, இரண்டு பக்கமும் பாதிப்பாதி என்று பேசி முடித்திருக்கிறார்கள் என்றார். தேர்தல் வந்தால் மறுபடி நிற்பீர்களா என்று கேட்டேன்.

"நம்ம பஞ்சாயத்து அப்ப யாருக்கு ஒதுக்கறாங்களோ, அதப் பொறுத்ததுங் கண்ணு. நின்னா நீ ஓட்டுப் போடுவியா?"

"ஓட்ட இங்க மாத்த எழுதிக் குடுத்துட்டோம்க்கா" என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே பதில் சொன்னார் என் வீட்டுக்காரர். அப்படி எழுதிக்கொடுத்தது அதுவரை எனக்கே தெரியாது.

தலைவரம்மா போன பிறகு அவர் டிபன் கேரியரைத் திறந்து, ஆறிப்போன இட்லிகளை ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். வார்டில் ஏதேதோ சத்தம். ஒன்றுக்கும் அவர் விழிக்கவில்லை. குழந்தையும் தூங்கியது. எழுப்ப மனமில்லாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.