மேகலா அண்ணியின் ஏர் பிரேக்

என் அண்ணன் மனைவி மேகலாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சமையலும் சுமார்தான். வண்டி ஓட்டுவது மட்டும் கைவந்த கலை. அண்ணன் செந்தில்குமார் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனபோது வாசலில் நின்ற குட்டி யானை லோடு வண்டியை விற்றுவிடலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அண்ணி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேருடைய நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போவது அண்ணியின் வண்டியில்தான்.

நான் சுந்தரி. என்னைக் கட்டிக்கொடுத்தது அடுத்த தெருவில். தையல் மெஷின் மட்டும் இன்னும் பிறந்த வீட்டிலேயே கிடக்கிறது, என் மாமியாருக்கு அந்தச் சத்தம் ஆகாதாம். அவர் போடும் சத்தத்தை ஊரே பொறுத்துக்கொள்கிறது, அது வேறு விஷயம். ஆகையால் பகல் முழுக்க நான் அண்ணி வீட்டில்தான் இருப்பேன்.

போன வருஷம் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். நாகப்பட்டினம் சாலையில் இருக்கிற ஒரு பெண்கள் கல்லூரியில் பஸ் ஓட்டப் பெண் டிரைவர் தேடுகிறார்கள் என்று தகவல் வந்தது. அண்ணி அதற்கு முன்பே திருவாரூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஹெவி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். தகவல் கேட்டதும் முதல் காரியமாகக் குவைத்துக்குப் போன் போட்டார். எங்கள் வீட்டில் ரகசியப் பேச்சு கிடையாது, எல்லாம் ஸ்பீக்கரில்தான்.

"நீ மாசச் சம்பளத்துல ஒரு வேலையில உக்காரு மேகலா. அன்னிக்கே இங்க முடிச்சுக்கிட்டு ஊருக்கு வந்துடுறேன்" என்றான் அண்ணன்.

அவன் போகும்போது மகள் ஆர்த்தி கைக்குழந்தை. இப்போது எட்டாவது படிக்கிறாள். அவன் லீவில் வருவான், அவள் வெட்கம் தெளிந்து "அப்பா" என்று மடியில் உட்கார ஆரம்பிப்பதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவான். போனை வைத்த பிறகு அண்ணி கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அண்ணி அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. ஆனால் இது வெறும் வேலை இல்லை, அண்ணன் திரும்பி வருவதே இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கல்லூரியில் பஸ்களைப் பார்த்துக்கொள்பவர் அல்லா பிச்சை. வடக்கே வெகுதூரம் லாரி ஓட்டிய மனிதர். ஏர் பிரேக்கைப் பற்றி வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, பதில் சரியாக இருந்தால்தான் ஸ்டியரிங்கைத் தொடவே விடுவாராம். குட்டி யானையில் ஏர் பிரேக் கிடையாது. டிரைவிங் ஸ்கூலில் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தார்களே ஒழிய, உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் அண்ணன் வாத்தியார் ஆனான். அங்கே டிரெய்லரை நிறுத்தி ஓய்வெடுக்கும்போதெல்லாம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். நான் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஜாக்கெட் தைத்தபடியே அண்ணியைக் கேள்வி கேட்பேன்.

"ஹேண்ட் பிரேக் எதுல புடிக்குது அண்ணி?"

"காத்துல."

"தப்பு. ஸ்பிரிங்குல. காத்துதான் அந்த ஸ்பிரிங்க அமுக்கி வெச்சிருக்கு. காத்து எறங்கிப் போச்சுன்னா ஸ்பிரிங் வந்து சக்கரத்தப் புடிச்சுக்கும்."

"காத்து போனா பிரேக் போவணும், புடிக்குதுங்கற? இது என்னடி தலைகீழா இருக்கு?"

"என்னக் கேட்டா? நான் ஜாக்கெட் தைக்கறவ. ஒங்க புருஷனக் கேளுங்க."

கேட்டார். விடாமல் கேட்டார். காற்று டேங்கில் தண்ணீர் சேரும், அதைத் தினமும் திறந்து வெளியேற்ற வேண்டும். காற்று குறைந்து பஸர் கத்தினால் ஓரம் கட்ட வேண்டும். காற்று மீட்டரில் ஊசி மேலே ஏறும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. இதையெல்லாம் தோசைக்கல் முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தோசை கருகிப்போகும். ஆர்த்தி தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மா, இதுக்கும் பஸர் வெச்சிருக்கலாம்ல" என்பாள்.

டெஸ்ட் நாளில் நானும் துணைக்குப் போனேன். அல்லா பிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கக் கேட்க அண்ணி பட்டுப் பட்டென்று சொன்னார். ஸ்பிரிங் கேள்விக்குச் சொன்ன பதிலில் மனிதரின் முகமே மலர்ந்துவிட்டது. கடைசியாக ஒன்று கேட்டார்.

"போய்க்கிட்டிருக்கீங்க. மிதிக்கிறீங்க, பிரேக் சரியாப் புடிக்கலன்னு தோணுது. என்ன செய்வீங்க?"

"ரெண்டு மூணு தடவ அடிச்சு அடிச்சுப் புடிப்பேன் சார்" என்றார் அண்ணி, யோசிக்காமல்.

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். அடைமழையில் வயலுக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீருக்குள் இறங்கி ஏறியதும் பெடலை நாலு அடி அடித்து பிரேக்கைக் காயவைப்பது இங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் பழக்கம். பழைய வண்டியில் பெடல் தொளதொளத்தாலும் அதே வைத்தியம்தான். தரை தட்டையாகக் கிடக்கிற ஊர். சரிவு என்று நாங்கள் பார்த்ததெல்லாம் வாய்க்கால் பாலத்து இறக்கம் ஒன்றுதான். அதனால் யாரும் பட்டுத் திருந்தவும் இல்லை.

அல்லா பிச்சை கோபப்படவில்லை. "ஒவ்வொரு அடிக்கும் காத்து வெளில போயிடும்மா. டேங்க் காலியாயிடும். ஒரே மிதியா மிதிச்சு அப்படியே அமுக்கிப் புடிக்கணும். இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் இந்தக் கால் பழக்கம் உண்டு. புள்ளைங்க உக்காந்திருக்கற வண்டியில அது ஆவாது. கால மாத்திக்கிட்டு அடுத்த வாரம் வாங்க."

வரும் வழியெல்லாம் நான் அல்லா பிச்சையைத் திட்டித் தீர்த்தேன். அண்ணி, "அவரு சொன்னது சரிதான் சுந்தரி" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். நியாயம் பேசுகிறவர்களோடு சேர்ந்து கோபப்படக்கூட முடியாது.

அண்ணனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "கரண்ட் இல்லாத நேரத்துல மாடித் தொட்டித் தண்ணியத் தொறந்து தொறந்து மூடுனா என்னாவும்? அப்படித்தான்" என்று விளக்கினான். பிறகு, "விடு மேகலா. கெடைக்கலன்னா என்ன இப்ப? நான் இருக்கேன்ல" என்றான். எனக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகத்தான் கேட்டது.

பதில் இப்போது தெரிந்துவிட்டது, கால்தான் கேட்கவில்லை. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தையல் மெஷினின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அண்ணியை அதன் முன்னால் உட்காரவைத்தேன். வேறு ஏதோ பேசிக்கொண்டே இருந்து, திடீரென்று "ஆடு!" என்று கத்துவேன். "சைக்கிள்!" "நடவு ஆளுங்க!" அண்ணியின் கால் மெஷினின் மிதிபலகையை ஒரே அமுக்காக அமுக்கி நிற்க வேண்டும். ஆரம்பத்தில் அது தடதடவென்று ஆடியது. ஒரு நாள் நான் பெல்ட்டைக் கழற்ற மறந்துபோய், யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் கை இரண்டு பக்கமும் சேர்த்துத் தைக்கப்பட்டுவிட்டது. அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான். ஆனால் வாரம் முடிவதற்குள், நான் எப்போது கத்தினாலும் பலகை ஒரே தரம் இறங்கி அப்படியே நின்றது.

அடுத்த வாரம் அல்லா பிச்சை அதே கேள்வியைக் கேட்டார். அண்ணி சரியாகச் சொன்னார். "வாயிக்கு வந்துடுச்சு. காலுக்கு வந்துடுச்சான்னு பாப்போம்" என்று அல்லா பிச்சை சாவியை நீட்டினார். காலி பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் கடைசி வரிசையில் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஊசி ஏறும்வரை அண்ணி வண்டியை எடுக்கவே இல்லை. வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும்போது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வயலிலிருந்து சட்டென்று ரோட்டில் ஏறியது. இந்த முறை நான் கத்தவில்லை. அண்ணியின் கால் ஒரே தரம் இறங்கியது. பஸ் வழுக்காமல், குலுங்காமல் நின்றது. அல்லா பிச்சை டிராக்டரைப் பார்க்கவில்லை, காற்று மீட்டரைத்தான் பார்த்தார்.

"திங்கக்கெழம காலையில வந்து வண்டிய எடுத்துக்குங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வரும்வரைகூட அண்ணிக்குப் பொறுக்கவில்லை. கல்லூரி வாசலிலேயே போனைப் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க, வேல கெடச்சிடுச்சு. திங்கக்கெழம வண்டி எடுக்கறேன். நீங்க டிக்கெட்டப் போடுங்க."

அண்ணி ஸ்பீக்கரை என் பக்கமும் நீட்டிப் பிடித்தார்.

"நெசமாவா?" என்றான் அண்ணன். "மேகலா, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுட்டேன். போன மாசமே போட்டாச்சு" என்றான்.

"போன மாசமா? அப்பறம் எதுக்குங்க எனக்குத் தெனம் சொல்லிக் குடுத்தீங்க?"

"நீ ஆசப்பட்டியேன்னுதான். ஒனக்குக் கெடைக்கும்னு நான் நெனைக்கல."

கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிட வேண்டும் என்று போனைப் பிடுங்கப் போனேன். அண்ணி கையைக் காட்டித் தடுத்துவிட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"சரிங்க. ரெண்டு வருஷம் இருந்துட்டே வாங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றார். பிறகு, "இனிமே எங்களுக்காகத்தான் அங்க இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

அண்ணன் என்னவோ சொல்ல ஆரம்பித்தான். அண்ணி போனை வைத்துவிட்டார்.